அப்பாரு சீனாக்காரனோடு சண்டை போடவில்லை

எங்கள் குடும்பத்தில் ஒரு பொய் பல வருஷமாக நல்ல ஆரோக்கியத்தோடு உலவிக்கொண்டிருக்கிறது. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் பெரியப்பா அதை எடுத்து விடுவார். "எங்கப்பன் சீனாக்காரனோட மல்லுக்கட்டுன ஆளு!" கேட்பவர்கள் "அப்படீங்களா" என்பார்கள். எந்த மலையில், எந்தப் படைப்பிரிவில் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் பெரியப்பா பாடு திண்டாட்டம்தான்.

உண்மை வேறு. அப்பாரு (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) சேலம் ஜில்லாவைத் தாண்டிச் சண்டைக்குப் போனதே இல்லை. சீனப் போர் நடந்தது 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை. அந்த ஒரு மாதமும் அவர் ஆட்டையாம்பட்டியில் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு நாடா தள்ளிக்கொண்டிருந்தார். போர் முடிந்த பிறகு, 1963இல், அன்றைய சென்னை மாநிலத்தில் ஊர்க்காவல் படைக்கென்று சட்டம் வந்தது. பிறகு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து சேலத்துக்குப் போய் அணிவகுப்பு பழகினார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, வீரபாண்டி ரோடு ஸ்டேஷன் பக்கம் ரயில் பாதையோரமாக ராத்திரி நேரத்தில் லத்தியும் அரிக்கேன் விளக்குமாக நடந்தார். அவருடைய போர் அவ்வளவுதான்.

அந்த ராத்திரிகளில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. தண்டவாளத்தைப் பெயர்க்க யாரும் வரவில்லை. சிரிக்காதீர்கள், அது சும்மா பயமும் இல்லை. அதே செப்டம்பரில் பஞ்சாபில் பட்டான்கோட், ஆதம்பூர், ஹல்வாரா விமானத் தளங்களுக்குப் பக்கத்தில் பாகிஸ்தான் பாராசூட் வீரர்கள் நிஜமாகவே ராத்திரியில் குதித்தார்கள். கரும்புக்காட்டிலும் சோளக்காட்டிலும் ஒளிந்தவர்களில் பலரைப் பிடித்துக் கொடுத்தது ஊர்க்காரர்களும் போலீஸும்தான். இந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவிய பிறகு, ரயில் பாதையோரம் அசைகிற ஒவ்வொரு நிழலும் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் துப்பாக்கி கிடையாது. மூங்கில் லத்திதான்.

காவல்காரன் ஜெயித்தான் என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் ஒன்றும் நடக்காத ராத்திரியை வைத்து வெற்றிலைத் தட்டு நேரத்தில் என்ன கதை சொல்வது? அதனால்தான் பெரியப்பா சீனாக்காரனைக் கூட்டி வந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்பாரு செய்த வேலையை உள்ளபடி சொன்னால் அதில் மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த நினைப்பை உண்டாக்கியவர்களோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் காசுக் கணக்கு. கைத்தறி நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. பாவும் நூலும் வாங்கி வந்து, நெய்து, அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. ராத்திரி முழுக்க நடந்தவன் காலையில் தறியில் உட்கார்ந்தால் கண் சொக்கும். கண் சொக்கினால் இழை அறும், அறுந்ததை முடிந்து முடிந்தே பொழுது போகும். துணியில் பிசிறு இருந்தால் கூலியில் பிடிப்பார்கள். தறி ஒருநாள் நின்றால் போவது ஓர் ஆளின் கூலி மட்டுமில்லை. கைத்தறி வீடு முழுவதும் அந்தத் தறியை நம்பி இருக்கிறது. தார் சுற்றுகிறவர், பாவு பிணைக்க வருகிறவர், எல்லாருக்கும் அன்றைக்கு வேலை தள்ளிப்போகும்.

அந்த நஷ்டத்தை யார் கட்டினார்கள்? சர்க்காரா? அப்பத்தா கட்டினார். ஆட்டையாம்பட்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு முறுக்குதான் ஞாபகம் வரும். கைமுறுக்கு சுற்றுவது பார்க்க விளையாட்டாக இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை முறுக்கி முறுக்கி வட்டம் சுற்ற வேண்டும். மாவு இளகினாலும் இறுகினாலும் வட்டம் உடையும். அரைநாள் சுற்றினால் மணிக்கட்டிலிருந்து தோள்வரை வலிக்கும். இத்தனை முறுக்குக்கு இத்தனை காசு என்று எண்ணிக் கூலி. அப்பாரு ரயில் பாதையில் நடந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில். அப்பத்தா இதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டார், குறையாகவும் சொல்ல மாட்டார். "அவரு ராத்திரில ஊரக் காத்தாரு, நான் பகல்ல ஊட்டக் காத்தேன்" என்பார், அவ்வளவுதான். தேசப் பாதுகாப்புக்கு ஆட்டையாம்பட்டி முறுக்கு கொடுத்த நன்கொடை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கல்லூரியில் இதைச் சொன்னால் கிடைக்கிற பதில் இன்னும் விசேஷம். "ஊர்க்காவல் படையா? தேரோட்டத்துல கயிறு புடிச்சு கூட்டத்த ஒதுக்குவாங்களே, அவங்களா?" ஆமாம், அவர்களேதான். தேர்தல் சாவடி வாசலில் நிற்பவர்கள், வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்குபவர்கள், ராத்திரி ரோந்தில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நடப்பவர்கள். ராணுவம் என்றால் வீரம், போலீஸ் என்றால் பயம், ஊர்க்காவல் படை என்றால் சிரிப்பு. இந்த வரிசையை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சினிமாவுக்கு இதில் நல்ல பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் யுத்தப் பிரச்சாரத்துக்குப் படம் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களை ஆங்கில அரசு நெருக்கியது. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் அப்படி எடுத்ததுதான் 1945இல் வந்த 'பர்மா ராணி'. ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த பர்மாவில் சிக்கும் இந்திய விமானப்படை ஆட்களின் கதை. சீனப் போர் முடிந்ததும் 1963இல் சிவாஜி நடித்த 'இரத்தத் திலகம்' வந்தது. அதிலும் நாயகன் எல்லைக்குப் போகும் ராணுவ வீரன். ஊர்க்காவல் படைச் சட்டம் வந்ததும் அதே 1963இல்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? விசில் ஊதிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறவனை வைத்து எவன் படம் எடுப்பான்? பாட்டுக்கு எங்கே இடம்?

ஆனால் குண்டு நிஜமாகவே விழுந்தபோது தெருவில் நின்றது அந்த விசில்காரன்தான். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9இல் திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னை அரண்டுபோனது. லட்சக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். அரசு அலுவலகங்களையே வெளியூர்களுக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது ஊரில் மிச்சம் நின்றவர்களில் ஒரு கூட்டம் ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் தற்காப்புப் பணி வார்டன்கள். விளக்கை அணை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடு, பதுங்குகுழிக்குள் போ என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு போனவர்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் வந்து சென்னையில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. அதே ஒன்றும் நடக்காத ராத்திரிகள்!

அந்த வார்டன்களின் நிலைமையைப் பாருங்கள். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் ஜெயிலுக்குப் போனவர்கள், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரன் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் காத்தவர்கள். சுதந்திரம் வந்தபின் முதல் வகையினருக்குத் தியாகி பென்ஷன் வந்தது. வர வேண்டியதுதான், நியாயம்தான். இரண்டாம் வகையினரைப் பற்றிப் பேசவே வெட்கப்பட்டார்கள். தன் தெருக்காரர்கள் சாகக்கூடாது என்று நின்றவன் எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்று பார்த்து மரியாதை தருவது எனக்குப் புரியாத நியாயம்.

இன்னொன்று. இந்தியாவில் ஊர்க்காவல் படை பிறந்தது எல்லைப் போரில் இல்லை. 1946 டிசம்பரில் பம்பாயில், கலவரங்களை அடக்கப் போலீஸுக்குத் துணையாக ஆரம்பித்தார்கள். சீனப் போர் வந்ததும் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது: ஆங்காங்கே இருக்கிற தொண்டர் அமைப்புகளை ஒன்றாக்கி ஒரே ஊர்க்காவல் படை ஆக்குங்கள், அது கருத்திலும் தன்மையிலும் 'தன்னார்வ'ப் படையாக இருக்கட்டும். இந்தத் 'தன்னார்வ' என்ற ஒரு வார்த்தையில்தான் சூட்சுமமே இருக்கிறது.

தன்னார்வம் என்றால் என்ன? ஆபத்து நேரத்தில் கூலி எதிர்பார்க்காமல் ஓடி வருவது. 1962இல் ஜனங்கள் தேசப் பாதுகாப்பு நிதிக்குத் தாலிக்கொடியைக் கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சூட்டில் ஒரு நெசவாளி ராத்திரி காவலுக்கு வந்தான், கூலியைப் பற்றிப் பேசவில்லை. சரி. சீனப் போர் ஒரு மாதத்தில் முடிந்தது. அப்போது அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரியில் முடிந்தது. 1965 போர் முடிந்தது, 1971 போர் முடிந்தது. தன்னார்வம் மட்டும் முடியவில்லை! போர் நேரத்து அவசரத்தைக் காட்டி வாங்கிய சலுகையை, போர் இல்லாத அரை நூற்றாண்டுக்கும் சர்க்கார் நீட்டிக்கொண்டது. இதுதான் என் புகார். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஊர்க்காவல் படைச் சட்டங்களின் அடிப்படை ரொம்ப அழகு. பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் அந்த ஆளுக்குப் போலீஸ்காரருக்கு உண்டான அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. அதாவது வேலைக்குக் கூப்பிடும்போது நீ போலீஸ். சம்பளம் என்று வரும்போது நீ தொண்டன். போலீஸுக்குப் பக்கத்தில் அதே வெயிலில், அதே காக்கியில், அதே கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்பான். ஒருவருக்குச் சம்பளம், பஞ்சப்படி, பென்ஷன். மற்றவனுக்குப் 'படி'. அதுவும் கூப்பிட்ட நாளைக்கு மட்டும்.

இமாச்சலப் பிரதேசம், பஞ்சாப், டெல்லி ஊர்க்காவல் படையினர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2015 மார்ச் 11இல் தீர்ப்பு. பணி நிரந்தரம் கிடையாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் பணி நேரத்தில் போலீஸின் அதிகாரத்தோடு வேலை செய்கிறார்கள், ஆகவே 30 நாள் படியைக் கூட்டினால் ஒரு போலீஸ்காரரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்குச் சமமாக வரும்படி தினப்படியை நிர்ணயம் செய்யுங்கள் என்றும் சொன்னது.

தமிழ்நாடு என்ன செய்தது தெரியுமா? தினப்படியை 560 ரூபாய் ஆக்கியது. ஆஹா என்று கை தட்டப் போகிறீர்களா, பொறுங்கள். மாதத்துக்கு 5 நாள்தான் பணி என்று குறைத்துவிட்டது. 560ஐ 30ஆல் பெருக்கினால் 16,800 ரூபாய். 5ஆல் பெருக்கினால் 2,800. கோர்ட் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மீறவில்லை, ஆனால் ஒரு குடும்பத்துக்கும் சோறு போகவில்லை. கணக்கு வாத்தியார் யாரோ கெட்டிக்காரர். பிறகு நாட்களைக் கூட்டச் சொல்லி வழக்கும் கோரிக்கையுமாக இழுத்தது. ஐந்தைப் பத்தாக்கினாலும் கேள்வி மாறாது. மீதி நாட்களில் அந்த ஆள் என்ன செய்வான்? எங்கள் பக்கம் என்றால் விசைத்தறியில் ஷிஃப்ட் ஏறுவான். எந்த நாளில் பணிக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாதவனுக்கு எந்தத் தறிக்காரர் நிரந்தர ஷிஃப்ட் கொடுப்பார்? அப்பாருவின் கைத்தறிக் கணக்கு அப்படியே பேரன் காலத்துக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்ற மாநிலங்களில் முடிந்ததா என்றால் முடிந்திருக்கிறது. தெலங்கானாவில் 2025 ஜனவரி முதல் தினப்படி 921 ரூபாயிலிருந்து 1,000 ஆனது.

இந்த இடத்தில் வழக்கமாக மூன்று மறுப்புகள் வரும்.

முதலாவது, "இங்கிலாந்தில்கூட ஊர்க்காவல் படைக்குச் சம்பளம் கிடையாதே?" உண்மைதான். 1940 மே 14 ராத்திரி ஆந்தனி ஈடன் ரேடியோவில் கூப்பிட்டார், சனங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசை கட்டினார்கள். பிறகு எண்ணிக்கை 15 லட்சத்தைத் தாண்டியது. கிழவர்கள், கண்ணாடிக்காரர்கள், முதலில் துப்பாக்கி இல்லாமல் துடைப்பக்கட்டையோடு பயிற்சி செய்தவர்கள். பிற்பாடு அவர்களை வைத்து பிபிசி 1968 முதல் 1977 வரை ஒரு நகைச்சுவைத் தொடரே எடுத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மன்காரன் இறங்கமாட்டான் என்று உறுதியானதும் 1944 டிசம்பரில் "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நாலரை வருஷம். நம்முடையது அறுபது வருஷம் தாண்டிவிட்டது. அங்கே வீட்டுக்குப் போனவர்கள் கையில் அரசர் பெயரில் ஒரு சான்றிதழும் இருந்தது.

அந்தச் சான்றிதழ் விஷயத்தில் எனக்குத் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டர்ஹாம் பகுதி ஊர்க்காவல் படையினரின் சேர்க்கைப் படிவங்களை இணையத்திலேயே தேடலாம். எங்கோ ஒரு சுரங்கத் தொழிலாளியின் கொள்ளுப்பேத்தி தன் பூட்டன் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார் என்று வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். நான் அப்பாருவின் சேர்க்கை எண்ணைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அறுபத்தஞ்சா? அந்த ரிஜிஸ்டர எல்லாம் கரையான் எப்பவோ படிச்சு முடிச்சிருக்கும் தம்பி" என்றார் ஒருவர். நல்ல மனுஷர், டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் பாருங்கள், சர்க்காரிடம் ஒரு காகிதம் இல்லை, வீட்டில் ஒரு பொய் இருக்கிறது. காகிதம் இருந்திருந்தால் பெரியப்பாவுக்குச் சீனாக்காரன் எதற்கு?

இரண்டாவது மறுப்பு, "சம்பளம் கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும்." இதைச் சொல்பவர் யாராவது மாதச் சம்பளம் வாங்காதவராக இருந்து நான் பார்த்ததில்லை. ராணுவ வீரனுக்குச் சம்பளம் உண்டு, அவன் தேசபக்தி குறைந்துவிட்டதா? ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சம்பளம் உண்டு, கருணை போய்விட்டதா? ஏழை செய்கிற வேலையில்தான் காசு பட்டால் புனிதம் கெட்டுவிடும் போலிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. "சாதாரண ஆளிடம் போலீஸ் அதிகாரம் கொடுத்தால் அவன் அதைத் தெருவில் காட்டுவான், இந்த மாதிரிப் படைகளே ஆபத்து." ஆபத்துதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது 'காவல்துறை நண்பர்கள்' என்ற தன்னார்வ அமைப்பின் பெயரும் அடிபட்டது. 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய அமைப்பு அது. 2020 ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. அது வேறு, ஊர்க்காவல் படை வேறு. ஆனால் காக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் சம்பளமில்லாத ஆள் என்ற ஏற்பாடு ஒன்றுதான்.

சத்தீஸ்கரில் நடந்தது இன்னும் பெரிது. மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர் என்று பெயர் கொடுத்து, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் துப்பாக்கியோடு காட்டுக்குள் அனுப்பினார்கள். அவர்கள் செத்தார்கள், சாகடித்தார்கள். 2011 ஜூலை 5இல் சுப்ரீம் கோர்ட் அந்த ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. குறைந்த படிப்பு, குறைந்த பயிற்சி, குறைந்த காசு. ஒரு முழுப் போலீஸ்காரர் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பையன்கள் தலையில் கட்டியதுதான் அங்கே குற்றம்.

ஈழத்து நண்பர்களுக்கு 'ஊர்காவல் படை' என்ற சொல்லே முள் மாதிரி குத்தும் என்று எனக்குத் தெரியும். 1980களில் இலங்கை அரசு எல்லைக் கிராமங்களில் சிங்களவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் துப்பாக்கி கொடுத்து அந்தப் பெயரில் படை அமைத்தது. தமிழ்க் கிராமங்களில் அந்தப் படையினர் செய்த கொலைகள் மனித உரிமை அறிக்கைகளில் இருக்கின்றன. அதே எல்லைக் கிராமத்துச் சனங்கள் புலிகளின் தாக்குதல்களிலும் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். 2006இல் அந்தப் படைக்கு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பெயர் மாற்றினார்கள். என் அப்பாரு நடந்த ரயில் பாதையும் அந்தக் கிராமங்களும் ஒன்றல்ல. ஆனால் அக்கம்பக்கத்து ஆளையே அக்கம்பக்கத்துக்குக் காவல் வைக்கும்போது, யாரிடமிருந்து யாரைக் காக்கிறான் என்ற கேள்வியை அரசு தன் வசதிப்படி மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அந்த நாடு காட்டியது.

இதிலிருந்து நான் எடுக்கிற முடிவு மறுப்புக்காரர்கள் எடுக்கும் முடிவில்லை. அதிகாரம் கொடுத்தால் பதிவு வேண்டும், பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும், தப்பு செய்தால் வேலையை இழக்கும் பயம் வேண்டும். இழக்க வேலையே இல்லாதவனிடம் என்ன ஒழுக்கத்தை அமல்படுத்துவீர்கள்? சம்பளம் கொடுத்தால்தான் தண்டிக்கவும் முடியும். ஆபத்து ரொம்ப அதிகம் என்று நினைத்தால் படையைக் கலைத்துவிட்டு அந்த எண்ணிக்கைக்குப் போலீஸ்காரர்களை எடுங்கள், அதுவும் எனக்குச் சம்மதம்தான். இரண்டும் முடியாது, தேர்தலுக்கும் தேருக்கும் வெள்ளத்துக்கும் ஆள் மட்டும் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் தன்னார்வம் இல்லை, வெட்டி வேலை வாங்குவது.

ஊருக்குள் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1859இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் கொண்டு வருவதற்கு முன்னாலும் பின்னாலும் ஊர்க் காவலைப் பார்த்தது தலையாரி. களத்தில் நெல் அளக்கும்போது அவனுக்கும் மரக்கால் கணக்கில் பங்கு உண்டு. ஜாதிக் கொடுமை நிறைந்த ஏற்பாடுதான், நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் காவல் காக்கிறவன் வயிறும் காய்ந்துவிடக் கூடாது என்ற அறிவு அந்தக் களத்து மேட்டுக்கு இருந்தது. கோட்டைக்கு இல்லையே!

எல்லைக்குப் போன ராணுவத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1962இல் குளிருக்குச் சரியான உடுப்புகூட இல்லாமல் மலையில் செத்தவர்களுக்கு ஒரு ராத்திரி ரோந்து ஈடாகாது. ஈடென்று அப்பாருவும் சொல்ல மாட்டார். அவர் கேட்டிருந்தால் அதிகபட்சம் ஒன்றுதான் கேட்டிருப்பார்: நின்ற தறிக்குக் கூலி. அதையும் அவர் கேட்கவில்லை. கேட்காதவர்களை வைத்தே இத்தனை வருஷம் வண்டி ஓடிவிட்டது.

டிசம்பர் 6 ஊர்க்காவல் படை தினம். மாவட்டத் தலைநகரங்களில் அணிவகுப்பு நடக்கும், அதிகாரிகள் மரியாதை ஏற்றுக்கொள்வார்கள், மேடையில் சேவை, தியாகம் எல்லாம் வரும். அந்தக் கூட்டத்தில் உங்கள் வகுப்பில் படிக்கிற யாருடைய அண்ணனோ அப்பாவோ வெயிலில் விறைப்பாக நின்றுகொண்டிருக்கலாம். அணிவகுப்பு முடிந்ததும் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டிவிட்டு, மேடையில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மாதம் எத்தனை நாள் வேலை? 1963இலிருந்து சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடு எந்த அறையில் இருக்கிறது?